செவலைக்கு ஒரு பிடி கோதுமை

ராஜாவின் பாளையம், ஒத்ரின் கோட்டைக்கு வடக்கே
ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை

என் தங்கை பெற்று என் தோளில் வளர்ந்த நெதெல்யாவுக்கு, உன் தாய்மாமன் ராதில் பாளையத்திலிருந்து எழுதுவது. நானும் உன் வீட்டுக்காரன் தோப்ரிலும் கல்லுப் போல இருக்கிறோம். எதிரிகளுக்குத்தான் இந்த வாரம் உடம்புக்கு ஆகாமல் போகப்போகிறது.

இதை மினா சாமி உரக்கப் படிப்பார், உன் மாமியார் கதவோரம் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சம்பந்தியம்மா நன்றாகவே கேட்கட்டும். ராதிலுக்கு வாய் மட்டும்தான் நீளம் என்று கல்யாணப் பந்தியில் சொன்னவள் அல்லவா. சாமி, எழுத்தில் பிழை கண்டால் மனதுக்குள்ளேயே திருத்திக்கொள்ளுங்கள். மடத்துப் பள்ளியில் என்னைப் பாதி எழுத்து வரைக்கும்தான் வைத்திருந்தீர்கள். அந்தக் கோழியைத் தின்றவன் நான் இல்லை. எலும்புகள் என் படுக்கைக்கு அடியில் கிடந்தன, அவ்வளவுதான். மீதி எழுத்துகளை நானே யோசித்துப் போட்டுக்கொண்டேன், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

நீ வண்டிக்கார ஸ்லாவனிடம் சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. "மாமா, அவரை உங்க கண்ணை விட்டு விடாதீங்க. புள்ள பொறக்கறதுக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க" என்று சொன்னாயாம். இது சொல்ல வேண்டிய பேச்சா? என் மீசை மேல் சத்தியம், போனபடியே கொண்டுவந்து உன் வாசலில் நிறுத்துவேன். நேற்று ஈஸ்டர் முட்டை மோதவிட்டோம். தோப்ரிலின் சிவப்பு முட்டை பாளையத்தில் பாதிப் பேர் முட்டையை உடைத்துவிட்டு முழுசாக நிற்கிறது. கடைசியில் என் முட்டையையும் உடைத்தான். மருமகள் புருஷன் ஆயிற்றே என்று நான்தான் விட்டுக்கொடுத்தேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆட்டுக்கறி வந்தது, எங்கள் வரிசை வரும்போது தினைக்கஞ்சியாக மாறிவிட்டது.

எதிரி யார் என்று ஊரில் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தோளில் சிலுவை தைத்துக்கொண்டு எருசலேமை மீட்கப்போகிறோம் என்று கிளம்பின லத்தீன் வீரர்கள் இவர்கள். வழியில் கான்ஸ்டான்டினோபிளைப் பார்த்ததும் எருசலேம் மறந்துவிட்டது. அதைக் கொள்ளையடித்து அங்கேயே தங்களுக்கு ஒரு ராஜாவையும் வைத்துக்கொண்டார்கள். இப்போது ஒத்ரின் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிற கிரேக்கர்கள் நம் ராஜாவுக்கு ஆள் அனுப்பினார்கள், நாம் வந்துவிட்டோம். இந்த லத்தீன்காரர்கள் தலையிலிருந்து கால் வரை இரும்பு. குதிரைக்கும் இரும்பு. குளிக்க வேண்டுமானால் கொல்லனைக் கூப்பிட வேண்டும். கிட்டே போக வேண்டியதில்லை, காற்று இந்தப் பக்கம் அடித்தாலே கூப்பிடுவதில்லை என்று தெரிகிறது.

அந்த இரும்பை நேருக்கு நேர் முட்ட முடியாது. அதனால் நம் ராஜாவுக்குப் பெண் கொடுத்த வீட்டாரான குமான் குதிரைக்காரர்கள் போய் அவர்களைச் சீண்டிவிட்டுப் பிடரியில் கால்பட ஓடி வருவார்கள். லத்தீன்காரர்கள் துரத்துவார்கள். துரத்தி வருகிற சரிவு முழுக்க நாங்கள் குழி தோண்டி, அடியில் கழு நட்டு, மேலே குச்சியும் புல்லும் பரப்பி வைத்திருக்கிறோம். தளபதி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ராதிலண்ணே, ஓடி வர்ற நம்ம ஆளுங்களே குழியில விழுந்துட்டா என்ன பண்றது?" என்று கையைப் பிசைந்தார். நான் ஒரு நொடிதான் யோசித்தேன். என் கையில் மார்ச் பிறந்த அன்றைக்கு நீ முறுக்கித் தந்த மார்ச் நூல் இருந்தது. சிவப்பும் வெள்ளையும், எட்டத்திலிருந்தே தெரியும். "குழி இல்லாத பாதையில இருக்கற புதருக்கெல்லாம் இந்த மாதிரி நூல் கட்டிடுவோம். நம்ம ஆளு நூலைப் பார்த்து வருவான். லத்தீன்காரனுக்கு நூலும் தெரியாது மண்ணும் தெரியாது" என்றேன். தளபதி வாயைப் பிளந்துவிட்டார். இந்தப் படையில் இத்தனை தலை இருந்தும் ஒரு தலையில்தான் அது தோன்றியது. அது எந்தத் தலை என்று சம்பந்தியம்மாவுக்குச் சொல்.

உன் வீட்டுக்காரன் மட்டும் தலையைச் சொறிந்தான். "மாமா, நாரை வந்துட்டா? முதல் நாரையைப் பார்த்ததும் நம்ம பசங்க ஆளாளுக்குக் கையில இருக்கற நூலைக் கழட்டிப் பூத்த செடியில கட்டிடுவாங்களே" என்றான். எல்லாவற்றிலும் ஒரு ஓட்டை கண்டுபிடிக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. "போடா, இந்தக் குளிர்ல நாரைக்கு என்ன பைத்தியமா? இந்த வருஷம் அது மே மாசம்தான் வரும்" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான்.

இன்னொரு நல்ல செய்தி. குமான்களுக்கு வழிகாட்ட, குழி இருக்கும் இடம் தெரிந்தவனாக, குதிரை ஏறத் தெரிந்தவனாக ஆள் தேடினார்கள். தோப்ரிலை நான்தான் சிபாரிசு செய்தேன். மண்வெட்டி பிடிக்க வந்தவன் இப்போது உன் சீர்க்குதிரை செவலை மேல் ஏறி, படைக்கு முன்னால் போகப்போகிறான். இந்தக் கௌரவம் உன் மாமியார் வம்சத்தில் எவனுக்கும் கிடைத்ததில்லை.

ஆண் பிள்ளை பிறந்தால் அவன் அப்பா பேரைத்தான் வைக்க வேண்டும் என்கிறான். நான் ராதில் என்று வைக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் ராதில் என்றே தீர்த்துக்கொள்ளுங்கள். குளிரில் வெளியே நிற்காதே, விறகை மாமியாரையே தூக்கச் சொல்.

ஆண்டவர் உன்னையும் வயிற்றில் இருக்கிறதையும் காக்கட்டும். மற்றதை நான் காத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒத்ரின் குழிப்படைக்குத் தளபதி என்றே சொல்லத்தக்க
உன் மாமன் ராதில்


அதே பாளையம்
ஈஸ்டருக்கு அடுத்த வாரம்

அருமை நெதெல்யாவுக்கு மாமன் எழுதுவது. ஜெயித்துவிட்டோம். ஊரெல்லாம் மணி அடித்திருப்பார்கள், உனக்கு முன்னமே தெரிந்திருக்கும். ஆனால் சரியாகத் தெரிந்திருக்காது, அதனால் நான் சொல்கிறேன். இந்தத் தோல் லத்தீன்காரர்களின் ஜெபப் புத்தகத்தில் கிழித்தது. முன்பக்கம் அவர்கள் ஜெபம், பின்பக்கம் என் கடிதம். சாமி, திருப்பிப் பார்க்காதீர்கள், பாவம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

புதன்கிழமையே குமான்கள் ஒரு தடவை போய்ச் சீண்டினார்கள். லத்தீன்காரர்கள் கொஞ்ச தூரம் துரத்திவிட்டுக் குதிரை இளைத்துத் திரும்பினார்கள். இனிமேல் எவன் வந்து என்ன திட்டினாலும் பாளையத்தை விட்டு அசைவதில்லை என்று அன்றைக்கு எல்லாரும் கூடிச் சபதம் எடுத்தார்களாம், பிடிபட்டவன் சொன்னான். மறுநாள் மத்தியானமே அசைந்துவிட்டார்கள். வைகிறவன் வாய் அப்படி. குமான் தலைவன் தொக்லி அவர்கள் பாஷையில் ஒரே ஒரு வார்த்தைதான் கற்றுக்கொண்டு போனான். அது என்ன வார்த்தை என்று சாமி படிக்கிற கடிதத்தில் எழுத முடியாது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். கொக்கித்தடியோடு பள்ளத்தில் படுத்திருந்தேன். முதல் வரிசை இரும்பு வந்தது, தரை திறந்தது, உள்ளே போனது. பின்னால் வந்தது அதன் மேல் விழுந்தது. பானைக்கடையில் மாடு புகுந்த மாதிரி சத்தம். குழிக்குத் தப்பினவர்களை நாங்கள் கொக்கியால் இழுத்துப் போட்டோம். விழுந்த லத்தீன்காரன் கவிழ்ந்த ஆமை, எழுந்திருக்க ஆள் வேண்டும். எத்தனை பேரை இழுத்தேன் என்று எண்ணுவதை நடுவில் விட்டுவிட்டேன், கை வலித்தது. அவர்கள் ராஜாவையே உயிரோடு பிடித்துவிட்டோம். பிடித்தது ராதில்தான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லிக்கொண்டு திரியவும் இல்லை. மனிதனுக்கு அடக்கம் வேண்டும்.

காலையில் ஒரு அதிசயம் நடந்தது, அதைச் சொல்ல விட்டுவிட்டேன். வெயில் வந்ததும் மாரிட்சா ஆற்றுப் பக்கமிருந்து நாரைகள் வந்தன. ஒன்றிரண்டு இல்லை, வானம் மறைகிற அளவு. பாளையமே எழுந்து நின்று கத்தியது. சண்டை நாளில் பறக்கிற நாரையைப் பார்த்தால் அதைவிட நல்ல சகுனம் உண்டா. பெரிய பெரிய மீசைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையில் வீட்டுப் பெண்கள் கட்டிவிட்ட மார்ச் நூலை அவிழ்த்தார்கள். அங்கே மரம் ஏது. சரிவில் இருந்த முட்புதர்தான் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஓடிப்போய் அதில் கட்டினார்கள். நானும் கட்டினேன். முதல் நாரையைப் பார்த்தபிறகு கையில் நூலோடு யார் நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் சரிவு முழுக்க, பார்க்கிற புதரில் எல்லாம் சிவப்பும் வெள்ளையும்.

தோப்ரில் மட்டும் கட்டவில்லை. "எங்க வீட்டு பிளம் மரத்துலதான் கட்டுவேன்னு அவகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றான். பிறகு செவலை மேலிருந்து சரிவைப் பார்த்தான். "மாமா, இதுல எது வழி நூலு, எது வேண்டுதல் நூலு?" என்றான். "உனக்குத்தான் குழி மொத்தமும் மனப்பாடமாச்சே மாப்ளே. உன் பின்னாடி வர்றவன் உன் முதுகைப் பார்த்து வரட்டும்" என்றேன். "ஓடி வரும்போது புழுதியில முதுகு எங்க மாமா தெரியும்?" என்றான். அதற்குள் கொம்பு ஊதிவிட்டார்கள்.

அவன் செய்ததை நான் சொன்னால் ராதில் கதை விடுகிறான் என்பார்கள், அதனால் தொக்லி சொன்னபடியே சொல்கிறேன். ஓடி வந்த குமான்களுக்குத் தோப்ரில் முன்னால் வந்தான். அவன் சரியான பாதையில் நுழைந்துவிட்டான். பின்னால் வந்தவர்களுக்குப் புழுதியில் அவன் தெரியவில்லை, நூல்தான் தெரிந்தது. ஒரு கூட்டம் தப்பான புதரைப் பார்த்துத் திரும்பியது. அவர்கள் அந்தப் பக்கம் போகிறதைப் பார்த்த தோப்ரில் செவலையைத் திருப்பினான். குறுக்கே போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "இங்க இல்ல, அங்க, அங்க" என்று தொண்டை கிழியக் கத்தினான். கூட்டம் மொத்தமும் விலகிப் போனது. ஒருத்தன் விழவில்லை. தொக்லியின் மகன் அந்தக் கூட்டத்தில் இருந்தான். இவ்வளவும் தொக்லி சொன்னது, நான் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

ஆனால் செவலை பின்வாங்கினபோது தரை தாங்கவில்லை. செவலை இனி வராது நெதெல்யா. உன் அப்பா உனக்குக் கொடுத்த ஒரே சீர் அது. அந்தக் குழி நான் தோண்டியது. ஆழமாகத்தான் தோண்டியிருந்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். சண்டை ஓய்ந்ததும் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினேன். உயிர் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், இறங்கவில்லை. தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினேன். மடத்துக் கோழிக் கதையைச் சொன்னேன். உன் பேரைச் சொன்னதும் கண் திறந்தது. வெளிச்சம் இருக்கிற வரைக்கும் இருந்தது. கஷ்டப்படவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பட்டது.

தோப்ரிலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். அவனுக்கு என்ன. தரை போகும்போதே பூனை மாதிரி வெளியே தாவிவிட்டான். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. பிடிபட்ட லத்தீன் ராஜாவை நம் ராஜதானி தர்னோவோவுக்குக் கொண்டுபோகக் காவல்படைக்கு ஆள் எடுத்தார்கள். தளபதி அவனைப் பார்த்ததும், "கூட்டத்தைக் காப்பாத்தினவன் இவன்தானே, இவன் கட்டாயம் வரணும்" என்று சொல்லிவிட்டார். காவல்காரர்களுக்கு எல்லாம் புதுக் காலணி. பழையதை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறான், என் பைக்குள்தான் இருக்கிறது. புறப்பட்ட அவசரத்தில் எனக்குக்கூடச் சொல்லிக்கொள்ள நேரமில்லை. தர்னோவோவில் பெரிய இடத்துச் சாப்பாடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோட்டை வாசலில் நிற்கிற வேலை. சீக்கிரம் வரமுடியாது. பெரிய வேலை என்றால் அப்படித்தான். நீ கவலைப்படாமல் சாப்பிடு.

ஆண்டவர் உன் கூடவே இருக்கட்டும். எனக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏற்று. சின்னதாகவே ஏற்று, போதும்.

இப்படிக்கு,
லத்தீன் ராஜாவைப் பிடித்ததாகப் பேசப்படும்
உன் மாமன் ராதில்


தெற்கே, எரிந்துபோன ஒரு ஊரின் வெளியே
மே மாதம்

நெதெல்யாவுக்கு மாமன் எழுதுவது. நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று ஸ்லாவன் சொன்னான்.

வண்டியிலிருந்து மூட்டையை இறக்குவதற்கு முன்னாலேயே என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "யோவ் ராதில், அந்தப் பொண்ணு வாயும் வயிறுமா மலையைத் தாண்டி தர்னோவோவுக்கு நடந்தே போச்சுய்யா. கோட்டை வாசல் காவக்காரன் விரட்டுனான், போகல. காவல்படை உள்ள வந்தப்ப ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் தாடையப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்துச்சு. ஒருத்தன் கிண்டல் பண்ணினான், என் மூஞ்சி உனக்குப் போதாதான்னு. அது அடுத்தவன் மூஞ்சியப் பார்க்கப் போயிடுச்சு. நான் வண்டியில ஏத்திக் கொண்டாந்து வீட்டுல விட்டேன்" என்றான். நீ தர்னோவோவுக்குப் போவாய் என்று நான் நினைக்கவில்லை. இந்த வயிற்றோடு யாராவது போவார்களா.

பிறகு நீ சொல்லி அனுப்பியதைச் சொன்னான். அவனுக்கு அழகாகப் பேச வராது, நீ சொன்னபடியே ஒப்பித்தான். "மாமா, ஊருல எல்லாரும் செத்தவங்களுக்கு வைக்கற கோதுமையை வேகவைன்னு சொல்றாங்க. அத்தை என்கூடப் பேசறதே இல்ல. நாப்பதாம் நாளுக்குள்ள வேகவெச்சு ஊருக்குக் குடுக்கலேன்னா எம்புள்ள பசியோட அலைவான்னு அழறாங்க. உயிரோட இருக்கறவனுக்கு வேகவெச்சா நானே அவரைக் கொன்ன மாதிரி ஆயிடும். கூட இருந்தது நீங்கதான். நீங்க சொன்னா வேகவைக்கிறேன். நீங்க சொல்லாம பானையில தண்ணி ஊத்த மாட்டேன்." இதைச் சொல்லிவிட்டு ஸ்லாவன் மாட்டை அவிழ்த்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவன் வெகுநேரம் வரவில்லை.

இந்தத் தோலில் இதற்கு மேல் சுரண்டின இடம் ஒன்று இருக்கும். அங்கே தோப்ரில் குமான்களோடு டான்யூப் நதியைத் தாண்டிப் போயிருப்பதாக ஏதோ எழுதியிருந்தது. சாமி, அதை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்துப் படிக்க வேண்டாம்.

போன கடிதத்தைச் சாமி பத்திரமாக வைத்திருப்பார். அதில் லத்தீன் ராஜாவைப் பற்றி எழுதியதை விட்டுவிடு. என் கொக்கித்தடியை விட்டுவிடு. தர்னோவோவை விட்டுவிடு. செவலையைப் பற்றி எழுதியிருக்கிறேனே, அதை மட்டும் இன்னொரு தடவை மெதுவாகப் படிக்கச் சொல். படிக்கும்போது சம்பந்தியம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள், கதவோரம் வேண்டாம். தண்ணீர் இறங்காதது, உன் பேருக்குக் கண் திறந்தது, வெளிச்சம் போகிற வரைக்கும் இருந்தது, எல்லாம் நடந்ததுதான். ஒன்றும் கூட்டவில்லை.

அப்போது எழுதாத மிச்சமும் உண்டு. செவலையை நாங்கள் குழியோடு மண் தள்ளி மூடிவிடவில்லை. தொக்லியும் அவன் மகனும் நானும் கயிறு போட்டு மேலே தூக்கினோம். ஆற்று நீர் கொண்டுவந்து முகம் கழுவினேன். மேட்டில் பூத்த புதருக்குப் பக்கத்தில் தனியாகப் புதிதாய்த் தோண்டி, கிழக்கே பார்க்கவைத்தோம். படையோடு வந்த ஒரு சாமியாரைக் கூப்பிட்டேன், வந்தார். குதிரைக்கெல்லாம் ஜெபம் சொல்ல மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. முழு ஜெபமும் சொன்னார். ஈஸ்டர் சிவப்பு முட்டை ஒன்று உடையாமல் இருந்தது, அதையும் உள்ளே வைத்தோம். தொக்லிக்கு நம் ஜெபம் தெரியாது. அவன் தொப்பியைக் கழற்றி மண்ணில் வைத்துவிட்டு, அதைத் திரும்ப எடுக்காமலே போனான்.

ஸ்லாவன் கையில் காலணியைக் கொடுத்தனுப்புகிறேன். புது அடித்தோல் போட்டிருக்கிறேன். உள்ளே ஒரு துணிச்சுருளில் மார்ச் நூல் இருக்கிறது, நீ முறுக்கினது, உனக்கே தெரியும். பிளம் பூ உதிர்ந்திருக்கும். பரவாயில்லை, காய் விட்ட கிளையிலாவது கட்டு. அதை அங்கேதான் கட்ட வேண்டும் என்று ஒரு பேச்சு இருந்தது.

எனக்கு அடுத்த மார்ச்சில் நூல் முறுக்காதே. நீ அனுப்பினாலும் நான் கட்டமாட்டேன். இங்கேயும் குழிதான் தோண்டிக்கொண்டிருக்கிறோம். இப்போது வழிக்கு அடையாளம் என்ன வைக்கலாம் என்று தளபதி எங்களைக் கேட்டார். கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. "என்னய்யா ராதில், நாக்கைப் பூனை தின்னுடுச்சா?" என்றார்கள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ராஜா இன்னும் தெற்கே போகிறார். ஊர் ஊராக எரிகிறது. எங்களைக் கூப்பிட்ட கிரேக்கர்களின் ஊர்களும் எரிகின்றன. எதற்கு என்று கேட்க எங்களில் ஆளில்லை. பிள்ளை பிறக்கும்போது நான் வாசலில் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்து வைக்காதே, குளிர் உள்ளே வரும். பிள்ளைக்கு என் பேர் வைக்க வேண்டாம். அதை முன்பு சும்மா சொன்னேன்.

இனி நீ கேட்டது.

கோதுமை வேகவை நெதெல்யா. செவலைக்கு வேகவை. குதிரைக்கு யாரும் வேகவைப்பதில்லை என்று எனக்கும் தெரியும், ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும், ராதில் சொன்னான் என்று சொல்லிவிடு. ராதில் பேச்சுக்கு ஊர் சிரிப்பது புதிதில்லை. செவலைக்கு வேகவைத்தால் எந்த மனுஷனுக்கும் அதனால் கெடுதல் வராது, அதை நான் பொறுப்பேற்கிறேன். முதல் நாளே நன்றாகக் கழுவி ஊறவை. குழைய வேகவிடாதே. தேன் கொஞ்சம் கூடவே ஊற்று, அக்ரோட்டுப் பருப்பைப் பொடியாக நுணுக்காமல் பெரிதாக உடைத்துப் போடு, அப்படித்தான் பிடிக்கும். சம்பந்தியம்மா கையாலேயே கிளறட்டும். நாற்பதாம் நாள் தாண்டவிடாதே, அன்றைக்குக் காலையிலேயே கோவிலுக்குக் கொண்டுபோ. உன்னால் தூக்க முடியாது, ஸ்லாவன் தூக்கி வருவான், சொல்லியிருக்கிறேன்.

மினா சாமிக்கு ஒரு வேண்டுகோள். மடத்திலிருந்து என்னைத் துரத்தினபிறகு நான் உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. பேர் வாசிக்கிற இடம் வரும்போது, குதிரைக்குப் பேர் சொல்லி வாசிக்க உங்கள் புத்தகத்தில் இடமில்லை என்பீர்கள். வாசிக்க வேண்டாம் சாமி. அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். பொறுமையாக நிறுத்துங்கள்.

சாமி நிறுத்துகிறபோது நெதெல்யா, உன் வாய்க்குள் எந்தப் பேர் வருகிறதோ அதைச் சொல்லிக்கொள். அது போய்ச் சேரும். உன் மேலும் உன் வயிற்றுப் பிள்ளை மேலும் ஆண்டவர் கை இருக்கட்டும். நீ சாப்பிடு. மாமியாரையும் சாப்பிடவை.

உன் மாமன்,
ராதில்